மலையைச் சுற்றி வரும் மாயாறு

ஜூலை மாதத்தில் தெங்குமரஹாடாவுக்குப் போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். வானத்தில் மேகம் ஓடும், மழை இறங்காது. மேற்கிலிருந்து வீசும் காற்று புழுதியை வாரி அடிக்கும். சீமைக்கருவேலமும் முட்புதரும் வெயிலில் வாடி நிற்கும். ஆறு மட்டும் செந்நிறத்தில் கரை தொட்டுப் போய்க்கொண்டிருக்கும். பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் வரும் பேருந்து அக்கரையோடு நின்றுவிடும். ஊருக்குள் போகப் பரிசல்தான் வழி. தண்ணீர் இப்படி வந்துவிட்டால் அதுவும் கிடையாது. பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். ‘மேலே மழை’ என்பார்கள் ஊர்க்காரர்கள். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நமக்குத் தேவை. ஏனென்றால் அந்த ‘மேலே’ என்பது ஊருக்கு நேர் மேலே நிற்கும் கோத்தகிரி மலை மட்டும் இல்லை. தண்ணீரின் பெரும்பகுதி நீலகிரியின் மறுகோடியிலிருந்து, கேரள எல்லையை ஒட்டிய முக்கூர்த்தி மலையிலிருந்து, பாதி மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மாயாறு, மோயாறு என்று இரண்டு விதமாகவும் எழுதப்படும் இந்தச் சின்ன ஆறு போகிற பாதையைப் போல வினோதமான ஒன்றைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

முக்கூர்த்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். அதற்கு மேற்கே நிலம் அறுந்து நிலம்பூர்க் காடுகளுக்குள் விழுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று சமவெளியைக் கடந்ததும் இந்தச் சுவரில்தான் மோதுகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏற வேண்டியிருப்பதால் காற்று குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் அந்த விளிம்பிலேயே இறக்கிவிடுகிறது. இதே விளிம்பில் சற்றுத் தெற்கே இருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அது. காற்று கிழக்கே போகப் போக அதில் சரக்கு குறைகிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கீழ்க்கோடிக்கு வந்து சேரும்போது வெறும் காற்றுதான் மிஞ்சுகிறது. தெங்குமரஹாடாவின் புழுதிக்கும் முக்கூர்த்தியின் பேய்மழைக்கும் காரணம் ஒரே காற்று.

இவ்வளவு மழையும் பெய்த வேகத்தில் ஓடிவிட்டால் ஜூலையில் வெள்ளமும் ஜனவரியில் வறண்ட கல்லும்தான் மிச்சமாக இருக்கும். அப்படி நடக்காமல் காப்பது மேலே இருக்கும் புல்வெளியும் சோலையும். மலைமுதுகு முழுவதும் புல். காற்று குறைவாக வீசும் மடிப்புகளில் மட்டும், நீரோடையைப் போர்த்தியபடி, குட்டையான அடர்ந்த சோலைக்காடு. புல்லுக்கடியில் கருத்த மண். மடிப்புகளின் அடியில் காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கும் சதுப்பு. மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் அந்தச் சதுப்பிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

வெள்ளைக்காரர்கள் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தப் புல்வெளியைப் பயனற்ற நிலமென்று நினைத்து, உள்ளூரில் கற்பூரமரம் என்று சொல்லும் யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். காடு வளர்த்தால் தண்ணீர் பெருகும் என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. பைக்காரா அருகே கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை வைத்து உதகையின் மண்வள ஆராய்ச்சி மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. ஒன்றைப் புல்லாகவே விட்டுவிட்டு, மற்றதில் 1972இல் கற்பூரமரம் நட்டார்கள். மரம் நட்ட பக்கத்தில் ஓடைநீர் முதல் சுற்றில் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. மரங்கள் வேரால் உறிஞ்சி இலை வழியே காற்றுக்குக் கொடுத்துவிட்டன. புல்வெளியும் ஓர் அணைக்கட்டு என்பதை அளவெடுத்துக் காட்டிய இந்தச் சோதனை நம் பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டியது. மரம் நடுவது எங்கும் எப்போதும் நல்லதென்றே சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

அந்தப் புல்வெளியில் எருமை மேய்த்த தோடர்களுக்கு இந்த ஆறு தெய்வம். 1901-02இல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் பெரிய நூல் வெளியிட்ட டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், ஆற்றைக் கடக்கும் தோடர் பூத்துக்குளிப் போர்வைக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்து மரியாதை செலுத்துவதைக் குறித்து வைத்திருக்கிறார். மேலே இதன் பெயர் பைக்காரா. மாயாறு என்ற பெயர் கீழே இறங்கிய பிறகுதான் வருகிறது.

பைக்காரா வடக்கு நோக்கி ஓடுகிறது. உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பாலத்தைக் கடக்கும்போது, பைன் மரங்களுக்கு நடுவே படகு ஓடும் ஏரியாக அதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரி ஓர் அணைத் தேக்கம். அதற்குக் கீழே ஆறு படிப்படியாகக் குதிக்கிறது. கடைசி இரண்டு குதிப்புகள் 55 மீட்டரும் 61 மீட்டரும். சுற்றுலாப் பயணிகள் பைக்காரா அருவி என்று பார்ப்பது இதைத்தான். பிறகு ஆறு பீடபூமியின் விளிம்பைத் தாண்டி முதுமலைக் காட்டை நோக்கி இறங்குகிறது. ஓரிடத்தில் ஈரச்சோலையின் அட்டைக்கடி; ஓரிரு மணி நேரம் கீழே இறங்கினால் தேக்கும் மூங்கிலும் நிற்கும் இலையுதிர்காடு. அவ்வளவு செங்குத்தான இறக்கம்.

இந்த இறக்கம் யார் கண்ணில் பட்டாலும் ஒரே யோசனைதான் வந்திருக்கும். 1929இல் வேலையைத் தொடங்கி 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்தை ஓட்டிவிட்டார்கள். கிளன்மார்கனிலிருந்து இரும்புக் குழாய்களில் தண்ணீரை 900 மீட்டருக்கு மேல் நேராக இறக்கி, அடிவாரத்துச் சிங்காராவில் சுழலிகளைச் சுற்ற வைத்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே இவ்வளவு உயரத்திலிருந்து நீர் இறக்கிய நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகியதும், கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை ஓட்டிய மாடுகளுக்குப் பதில் மோட்டார் வந்ததும் பைக்காரா மின்சாரத்தால்தான். நீலகிரியின் மழை கோவையில் நூலானது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஆற்றுக்கு இரண்டு பாதைகள். ஒன்று இயற்கையானது: அருவி, முதுமலை, தெப்பக்காடு. இன்னொன்று குழாயும் கால்வாயும்: கிளன்மார்கன், சிங்காரா, மசினகுடிக்கு அருகிலுள்ள மரவகண்டி அணை, அங்கிருந்து 1950களின் தொடக்கத்தில் கட்டிய மாயாறு மின்நிலையம். இரண்டாம் பாதையில் போகும் தண்ணீர் தெப்பக்காட்டைப் பார்க்காமலே போய், கீழே பெரும்பள்ளத்துக்குள் மறுபடி ஆற்றோடு சேர்கிறது. கோடையில் தெப்பக்காடு பாலத்தில் நின்று பார்த்தால் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கிக் கிடப்பதைக் காணலாம். முகாம் யானைகள் குளிப்பதும், மானும் காட்டெருமையும் நீர் குடிக்க வருவதும் அங்கேதான். மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது என் நோக்கமில்லை. பழைய பாதையிலும் ஆண்டு முழுவதும் ஓர் அளவு நீர் ஓடியாக வேண்டும் என்பதைக் காட்டின் உரிமையாகக் கொள்ள வேண்டும் என்கிறேன்.

இனிதான் வினோதம். வடக்கு நோக்கி இறங்கி வந்த ஆறு அதே திசையில் போயிருந்தால் கர்நாடகப் பீடபூமிக்குள் நுழைந்து கபினியில் கலந்திருக்க வேண்டும். அடுத்த பள்ளத்தாக்குகளில் விழும் தண்ணீர் அப்படித்தான் போகிறது. மாயாறு முதுமலையில் சட்டென்று கிழக்கே திரும்புகிறது. திரும்பியது மட்டுமா, அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல நேராகப் போகிறது. வடகரையில் பந்திப்பூர், தென்கரையில் முதுமலை. கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையே சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறுதான். தெப்பக்காட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓர் அருவியாகக் குதித்து, சுமார் 20 கிலோமீட்டர் நீளமான ஒரு பிளவுக்குள் மறைந்துவிடுகிறது. ஆங்கிலேயர்கள் இதை மைசூர் அகழி என்றார்கள். இருபுறமும் சமமான மேட்டுநிலம், நடுவில் கோட்டை அகழிபோல ஒரு வெட்டு. மேட்டில் நடந்து வருகிறவருக்கு விளிம்பை நெருங்கும்வரை அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது.

இவ்வளவு சின்ன ஆறு இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தனியாகத் தோண்டியிருக்க முடியாது. விடை தண்ணீரில் இல்லை, பாறையில் இருக்கிறது.

நீலகிரி மலையில் சாலைக்காக வெடி வைத்துத் திறந்த பாறையைப் பார்த்திருக்கிறீர்களா? மேல்தோல் துருப்பிடித்த பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த முகமோ கருநீலச் சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும். உற்றுப் பார்த்தால் அதிலுள்ள குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இருக்காது, மங்கிய நீலமாக இருக்கும். அங்கங்கே சிவந்த கார்னெட் மணிகள் தெரியும். இதன் பெயர் சார்னகைட். அந்தப் பெயரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறைக்கு அவர் பெயரையே வைத்தார். நீலகிரியின் சார்னகைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவானது. அதாவது, நாம் உதகையில் கால் வைக்கும் நிலம் ஒருகாலத்தில் பூமியோட்டின் அடித்தட்டு. அதற்கு மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் காலப்போக்கில் தேய்ந்து கரைந்து போய்விட்டது.

நீலகிரிப் பாறைத்தொகுதியும் வடக்கே உள்ள மைசூர்ப் பாறைத்தொகுதியும் ஆதியில் ஒரே துண்டாக இருந்தவை இல்லை. இரண்டும் நெருங்கி, மோதி, ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்தில் பாறைகள் நசுங்கி, இழுபட்டு, இழை இழையாகிக் கிழக்கு மேற்காக ஒரு நீண்ட பட்டை உருவானது. நிலவியலாளர்கள் அதை மாயாறு ஷியர் மண்டலம் என்கிறார்கள். இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த சட்டை எத்தனை வருஷம் ஆனாலும் தையலோரத்தில்தான் முதலில் இற்றுப்போகும். பாறைக்கும் அப்படித்தான். உறுதியான சார்னகைட்டை அரிக்க முடியாத தண்ணீர், நசுங்கிய பட்டையை எளிதாக அரித்துவிடுகிறது. வடக்கே போய்க்கொண்டிருந்த ஆறு கிழக்கே திரும்பிய புள்ளி, அந்தப் பட்டையைத் தொட்ட புள்ளி. ஆறு அதன் பிறகு வேறு வழி தேடவே இல்லை.

நீலகிரிக்குத் தெற்கிலும் இதேபோல ஒரு பட்டை உண்டு. அதில் ஓடுவது பவானி ஆறு. முக்கூர்த்திக்குத் தெற்கே, அதே குந்தா மலைத்தொடரின் அப்பர் பவானிப் பக்கத்தில் பிறந்து, முதலில் கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியில் கிழக்கே திரும்பி, மேட்டுப்பாளையம் வழியாக வருகிறது. மாயாறு வடக்கே சுற்றி வருகிறது, பவானி தெற்கே சுற்றி வருகிறது. இரண்டு பட்டைகளும் நெருங்கும் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் சந்திக்கின்றன. நீலகிரி ஏன் வரைபடத்தில் ஒரு முக்கோணத் தீவுபோல் தனித்து நிற்கிறது என்ற கேள்விக்கும் இதுவே பதில். ஒரே மலையில் பிறந்த இரண்டு ஓடைகள் அந்த மலை முழுவதையும் வளைத்துக்கொண்டு அதன் மறுபக்கத்தில் ஒன்றுகூடுவதை முதன்முதலில் வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் சிலிர்க்கிறது.

மாயாற்றின் கீழ்ப்பகுதியை முழுதாகப் பார்க்கக் கோத்தகிரிக்கு அப்பால் உள்ள கோடநாடு காட்சிமுனைக்குப் போக வேண்டும். தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் நிலமும் முடிந்துவிடும். நேர் கீழே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வெளிறிய முட்காட்டுக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு நெளிந்து போகும். தண்ணீரைவிடக் கரையோர மரங்கள்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் நீர்மருது. வெளுத்த வழவழப்பான அடிமரம், ஆற்றங்கரையைவிட்டு அதிகம் விலகாத வேர். சுற்றிலும் மற்ற மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டத் திணறும் வறண்ட நிலத்தில், மேற்கிலிருந்து வரும் தண்ணீரைக் குடித்து இவை மட்டும் வானளாவ நிற்கின்றன.

அந்த உயரத்தை நம்பி வாழ்கிறது வெண்முதுகுப் பாறு. ஒருகாலத்தில் இந்தியாவில் ஊர் தவறாமல் இருந்த இந்தப் பிணந்தின்னிக் கழுகு 1990களில் தொடங்கிப் பதினைந்தே ஆண்டுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்பது 2004இல் வெளிவந்தது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது. அதற்குள் ஊர் ஊராகப் பாறுகள் ஒழிந்துபோயிருந்தன. தென்னிந்தியாவில் தப்பிப் பிழைத்த சில நூறு பாறுகளின் முக்கியப் புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. இங்கே அவற்றின் தீனியில் பெரும்பங்கு புலியும் செந்நாயும் அடித்துப்போட்ட மானும், தானாகச் செத்த யானையும். காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடுவதில்லை. வெண்முதுகுப் பாறு நீர்மருதின் உச்சியில் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. கருங்கழுத்துப் பாறு பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளில் இடம் தேடிக்கொள்கிறது. ஒன்றுக்கு ஆறு வளர்த்த மரம், மற்றொன்றுக்கு ஆறு அறுத்த பாறை.

தண்ணீருக்குள்ளும் இப்படி ஓர் அகதி இருக்கிறது. காவிரி ஆற்றுத்தொகுதியில் மட்டுமே வாழும் கூன்முதுகு மகாசீர் மீன், 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 ராத்தல் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் இருந்து தூண்டில்காரர்களை இழுத்த மீன், ஆனாலும் அதற்கு முறையான அறிவியல் அடையாளம் 2018இல்தான் உறுதியானது. கேரளத்தில் பிறந்து அமராவதிக்கு வரும் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். விலங்கியலாளர் கே. ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய இந்த மீன் அதே ஆண்டில் மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. காவிரியில் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்ட வேற்று ஆற்று நீலத்துடுப்பு மகாசீர் பெருகி, மண்ணின் மீனை ஓரங்கட்டிவிட்டது. கூன்முதுகு மகாசீர் குஞ்சு பொரித்துப் பெருகுவது உறுதியாகத் தெரிந்த கடைசி இடங்களில் ஒன்று மாயாறு. வேற்று மீன்குஞ்சு கொண்டுவந்து விட இங்கே யாரும் எளிதில் வர முடியாது.

பிளவுக்குள் சாலை போட முடியவில்லை, அதன் இருகரையும் காடாகவே நின்றது. அதனால்தான் மற்ற இடங்களில் தொலைந்தவை இங்கே மிஞ்சின. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் யானைகளுக்கும் ஆற்றின் தென்புறத்துச் சீகூர் மேட்டுநிலமே வழி. அந்த வழித்தடத்தை மறித்த விடுதிகளை அகற்றும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் யானைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. தெங்குமரஹாடாவின் கதை இன்னும் சிக்கலானது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கூட்டுறவு விவசாயம் செய்ய அரசே அழைத்துக் குடியேற்றிய ஊர் அது. அதே ஊர்க்காரர்களைப் புலிகளுக்காகக் குடும்பத்துக்கு 15 இலட்சம் ரூபாய் கொடுத்து வெளியேற்றும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. காட்டைத் திருத்தச் சொன்ன அரசுக்கு, இப்போது போகச் சொல்லும்போது கூடுதல் பொறுப்பு இருக்கிறது. மாற்று நிலமும் நீரும் கையில் தராமல் அனுப்பக் கூடாது.

ஊரைத் தாண்டியதும் ஆறு அகன்று, வேகம் இழந்து, பவானிசாகர் தேக்கத்துக்குள் நுழைகிறது. இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தை இப்போது பார்க்க முடியாது. அங்கிருந்த டணாய்க்கன்கோட்டை என்ற பழைய கோட்டை ஊரோடு சேர்ந்து, 1948 முதல் 1955 வரை கட்டிய அணையின் நீருக்குள் போய்விட்டது. நீர்மட்டம் மிகவும் சரியும் ஆண்டுகளில் மட்டும் அங்கிருந்த கோயிலின் கல்மண்டபம் வெளியே தலைகாட்டும்.

அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி., உயரக் கணக்கில் 105 அடி. முக்கூர்த்தியிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் தண்ணீர் இரண்டேகால் கிலோமீட்டர் இறங்கியிருக்கிறது. இங்கிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால் 2.07 இலட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 15ஐ ஒட்டி மதகு திறப்பார்கள். அந்த நேரத்தில் ஈரோட்டுப் பக்கம் மழைக்காலம் தொடங்கியிருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். நாற்றங்காலுக்குப் பாயும் தண்ணீர் ஜூனிலும் ஜூலையிலும் மலையின் மறுபக்கத்தில் பெய்து, ஒரு பாதி வடக்கே மாயாற்றிலும் மறுபாதி தெற்கே பவானியிலும் சுற்றி வந்தது. ஆகவே கோபிசெட்டிபாளையத்திலும் பெருந்துறையிலும் நெல் நடுகிற விவசாயிகள் ஜூலையில் உள்ளூர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை என்று அறிவார்கள். அவர்கள் காலையில் செய்தித்தாளில் தேடுவது அவலாஞ்சி, அப்பர் பவானி, பைக்காரா மழையளவுகளை.